நூற்றைம்பது சதவீதம்

அத்தியாயம் 11

போன அத்தியாய முடிவில் செருப்பைக் கூடக் கழற்றாமல் வாசலில் நின்றாளே நாத்தனார், அவளை உள்ளே கூப்பிடத்தான் வேண்டியிருந்தது. ஐந்து மாதமாகப் பேச்சு வார்த்தை இல்லை. அது ஒரு பக்கம் கிடக்கட்டும். இன்றைக்கு மூன்று மணிக்கு டாக்டர் வந்து பார்த்துவிட்டு எழுதப்போகிற காகிதத்தில்தான் அண்ணனுடைய மிச்ச நாள் எங்கே கழியும் என்பது இருக்கிறது. அப்படிப்பட்ட நாளில் கூடப்பிறந்தவளை வாசலோடு திருப்பி அனுப்பும் அளவுக்குக் கண்ணாடிக்கடைக்காரியின் நெஞ்சு கல்லாகிவிடவில்லை.

"வா" என்றாள். தொண்டையில் முள் சிக்கினவள் போல் அந்த ஒரு எழுத்தைச் சொன்னாள்.

கண்ணாடிக்கடைக்காரி என்று தெருவே கூப்பிடுகிறதே தவிர, கடை அவளுடையது இல்லை. மூக்குக்கண்ணாடிக் கடை ஒன்றில் பதினோரு வருடமாகக் கண் சோதித்து நம்பர் எழுதிக்கொடுக்கிறாள். "முன்னாடி போட்டது தெளிவா, இப்ப போட்டது தெளிவா?" என்று ஒரு நாளைக்கு நூறு தடவையாவது கேட்பாள்.

அவள் கணவர் பிளான் மாஸ்டர். இந்தப் பகுதியில் பாதி வீடுகளுக்குச் சமையலறை எந்தப் பக்கம், மாடிப்படி எத்தனை என்று வரைந்து கொடுத்தவர். இரண்டு வருடத்துக்கு முன் ஒரு நாள் விரலிலிருந்து பென்சில் நழுவியது. அப்புறம் கரண்டி. அப்புறம் கால். கடைசியில் பேச்சும் போயிற்று. தசைகளை ஒவ்வொன்றாகச் செயலிழக்க வைக்கிற நோய். என்ன இரக்கமோ, கண்ணை மட்டும் விட்டுவைத்திருந்தது.

அந்தக் கண்ணாலேயே அவர் பேசினார். திரைக்கு அடியில் ஒட்டியிருக்கும் ஒரு மெல்லிய பட்டை அவர் பார்வை எங்கே போகிறது என்று கவனிக்கும். திரையில் விரிந்திருக்கும் கீபோர்டில் ஓர் எழுத்தை ஒரு விநாடி உற்றுப் பார்த்தால் போதும், அந்த எழுத்து விழும். "தலையணை சரியில்லை" என்று எழுத மூன்று நிமிடம். "இந்த ஜன்னல் துணி சகிக்கவில்லை, மாற்று" என்று நையாண்டி பண்ண ஆறு நிமிடம். விடமாட்டார், எழுதி முடிப்பார்.

ஆனால் பத்தொன்பது நாளாக அந்தத் திரையில் வந்ததெல்லாம் இதுதான்.

ஆ ஆ ஈ ஊ ஆ ஐ ஏ ஏ ஆ.

முதல் நாள் அவள் சிரித்தாள். மூன்றாம் நாள் பயந்தாள். ஏழாம் நாள் ஆஸ்பத்திரியில் அதைப் படம் எடுத்துக் காட்டியபோது, பெரிய டாக்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே, "இந்த நோய் சில பேருக்கு மூளையையும் தொட்டுடும்மா" என்றார். அதோடு எல்லாம் முடிந்த மாதிரி ஆயிற்று.

பராமரிப்பு இல்லம் ஒன்றில் அறை காலி. திங்கட்கிழமை சேர்க்கலாம். ஆனால் அதற்கு ஒரு விதி உண்டு. நோயாளிக்குச் சுயபுத்தி இருக்கிறதா என்று ஒரு டாக்டர் வீட்டுக்கே வந்து மூன்று கேள்வி கேட்பார். நோயாளியே பதில் சொல்லிவிட்டால் முடிவு அவருடையது. சொல்ல முடியாவிட்டால் மனைவி கையெழுத்துப் போட வேண்டும். அவள் மனத்துக்குள் அந்தக் கையெழுத்தைப் போட்டு ஒரு வாரம் ஆயிற்று. யாரும் அவளைக் குறை சொல்லக் கூடாது. இரண்டு வருடமாக அவரைத் தூக்கித் தூக்கி அவள் இடுப்பு இப்போது குனிந்தால் நிமிர மறுக்கிறது.

நாத்தனாருக்கு வீட்டில் வைத்த பெயர் திருகாணி. சின்ன வயதில் எதைக் கண்டாலும் கழற்றுவாள். திரும்ப மாட்டினால் ஒரு திருகாணி மிஞ்சும். இப்போது ஆபீஸ் ஆபீஸாகப் போய்க் கம்ப்யூட்டர் பழுது பார்ப்பது அவள் பிழைப்பு. தோள்பையை இறக்கிவிட்டு அண்ணனின் நாற்காலிக்கு முன் மண்டியிட்டாள்.

"அண்ணா. நான்தான். பாரேன்."

சாய்வு நாற்காலியில் கிடந்தவர் கண்ணைத் திறக்கவில்லை.

"அஞ்சு நாளா இப்படித்தான்" என்றாள் கண்ணாடிக்கடைக்காரி. "குளிப்பாட்டறப்ப மட்டும் தொறப்பார். கேட்டா பதில் இல்ல. முன்னெல்லாம் கண்ணை மேல தூக்கினா ஆமாம்னு அர்த்தம். இப்ப அதுவும் கிடையாது."

"என்ன கேட்டீங்க?"

"என்ன கேப்பாங்க? வலிக்குதா, தாகமா, திருப்பிப் போடவான்னு."

திருகாணி எழுந்து மேஜையைப் பார்த்தாள். மூன்று திரைகள். மூன்றும் படம் வரைந்த காலத்திலிருந்தே இருக்கிற ஏற்பாடு. ஒன்றில் வரைபடம், ஒன்றில் அளவு, ஒன்றில் வாடிக்கையாளரின் புலம்பல் கடிதம். நடுவில் இருந்தது மட்டும் புத்தம் புதிது, கதவு அகலத்துக்கு இருந்தது.

"இது எப்ப வந்தது?"

"மூணு வாரம் இருக்கும். பழசு சின்னதா இருந்துச்சு. கண்ணுதானே அவருக்கு மிச்சம், அதுவும் கஷ்டப்பட வேண்டாமேன்னு நான்தான் வாங்கிப் போட்டேன். பழசை வலது பக்கம் தள்ளிட்டு, அங்க இருந்ததை எடுத்துட்டேன்."

சொல்லும்போது அவள் குரலில் கொஞ்சம் பெருமை கூட இருந்தது. மாட்டியதும் எல்லாம் எறும்பு சைஸில் தெரிந்ததையும், தேடித் தேடி ஓர் இடத்தில் நூறு என்று இருந்ததை நூற்றைம்பது சதவீதம் ஆக்கியதையும், எழுத்தெல்லாம் கொழுகொழுவென்று வந்து நின்றதையும் சொன்னாள்.

திருகாணி அதைக் காதில் வாங்கினாளா என்று தெரியவில்லை. கீபோர்டைத் திறந்தாள். அது நடுத்திரையில் வராமல் இடதுகோடித் திரையில் போய் உட்கார்ந்தது. இழுத்து வந்தாள். பாதி நடுவிலும் பாதி வலது திரையிலுமாகத் தொங்கியது. மூடித் திறந்தாள். மறுபடி இடது பக்கம்.

"வாடகை வீடு தேடறவன் மாதிரி சுத்துது இது" என்று முணுமுணுத்தாள். "இப்படி ஓடினா என்ன பண்ணுவீங்க?"

"இழுத்து நடுவுல விட்டுடுவேன்."

பெரிய திரைதான் முதன்மைத் திரை என்று மாற்றினாள். பக்கத்துத் திரைகள் இரண்டையும் பிடுங்கினாள். கீபோர்டு அடங்கி, நடுத்திரையின் கீழ்ப்பாதியை அடைத்துக்கொண்டு நின்றது. "இப்ப எழுதச் சொல்லுங்க" என்றாள். அவர் கண்ணைத் திறந்தால் அல்லவா?

மணி ஒன்றே முக்கால். திருகாணி நாற்காலியையும் திரையையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு அந்த வீட்டில் யாருக்கும் தோன்றாத ஒரு காரியத்தைச் செய்தாள்.

"அண்ணி, ஒரு கை பிடிங்க. அண்ணாவைக் கட்டில்ல விடுவோம். நான் அவர் இடத்துல உக்கார்றேன்."

"எதுக்கு?"

"சும்மா."

இரண்டு பேருமாகத் தூக்கினார்கள். இவ்வளவு லேசாகிவிட்டாரா என்று திருகாணியின் முகம் ஒரு நிமிடம் கோணியது. பிறகு நாற்காலியில் அவரைப் போலவே சாய்ந்து, தலையைத் தலையணையின் பள்ளத்தில் பதித்து, கையை மடியில் செத்த கை போலப் போட்டுக்கொண்டாள். பட்டையைத் தன் கண்ணுக்குப் பழக்க வந்த புள்ளிகளை ஒவ்வொன்றாகப் பார்த்து முடித்தாள். பிறகு கீபோர்டைப் பார்த்துத் தன் பெயரை எழுதினாள்.

திரையில் விழுந்தது: ஆ ஈ ஈ ஊ.

மறுபடி எழுதினாள். ஐ ஏ ஆ ஆ.

"எனக்கும் புத்தி பேதலிச்சிருக்கு போல அண்ணி" என்றாள். சிரிப்பில்லாமல் சொன்னாள்.

கண்ணாடிக்கடைக்காரிக்கு ஒன்றும் பிடிபடவில்லை. பக்கத்தில் வந்து நின்றாள். திருகாணி வலதுகோடியில் இருக்கும் எழுத்தைப் பார்த்தாள். மஞ்சள் கட்டம் நடுவிலேயே நின்றுவிட்டது. கீழ்வரிசையைப் பார்த்தாள், கட்டம் மேல்வரிசையை விட்டு இறங்கவில்லை.

"இந்தப் பட்டைக்கு நீங்க எழுத்தைப் பெரிசாக்கினதே தெரியாது. அது இன்னும் நூறு சதவீதக் கணக்குலயே இருக்கு. திரை ஒன்றரை மடங்கா காட்டுது. நான் கோடியைப் பார்த்தா, மூணுல ரெண்டு பங்கு தூரம்தான் வந்திருக்கேன்னு அது நினைச்சுக்குது. அதைத் தாண்டிப் போகவே போகாது. கைக்கு எட்டறதெல்லாம் மேல்வரிசை, இடது பக்கம். அங்க என்ன இருக்கு, பாருங்க."

பார்த்தாள். ஆ, ஈ, ஊ, ஐ, ஏ.

"தப்பா விழுந்ததை அழிக்கிற பட்டன் எங்க இருக்கு?"

"வலது கோடில" என்றாள் கண்ணாடிக்கடைக்காரி. அவள் குரல் அவளுக்கே கேட்கவில்லை.

"அப்ப அழிக்கவும் முடிஞ்சிருக்காது. அண்ணி, அண்ணாவுக்கு ஒண்ணுமே ஆகல. மனுஷன் எல்லாம் தெரிஞ்சுக்கிட்டுத்தான் கெடந்திருக்கார்!"

பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்த கதை என்பார்கள். இங்கே குரங்காய் முடிந்தது ஒரு மனிதரின் வாய். நியாயமாகப் பார்த்தால் கண்ணாடிக்கடைக்காரி ஓடிப்போய் அவரைக் கட்டிக்கொண்டிருக்க வேண்டும். அவள் நின்ற இடத்தைவிட்டு நகரவில்லை. ஊரார் கண்ணுக்கெல்லாம் தெளிவா தெளிவா என்று கேட்டவள், வீட்டில் இருந்த ஒரே ஜோடிக் கண்ணிடம் அதைக் கேட்கவில்லை. அது கூடப் பெரிதில்லை. பதினான்காம் நாள் சாயங்காலம் என்ன பேசினோம் என்பதுதான் இப்போது அவள் நினைவில் வந்து நின்றது.

அன்றைக்குத் தன் அக்காவிடம் போனில் பேசினாள். இதே அறையில், இதே நாற்காலிக்கு ஓரடி தள்ளி நின்று, அவருடைய துணிகளை மடித்துக்கொண்டே. "அவர் போயிட்டாருக்கா. உடம்பு மட்டும்தான் கெடக்கு. எப்ப முடியும், எப்ப நான் ஒரு நாள் நிம்மதியாத் தூங்குவேன்னு இருக்கு." மடித்த சட்டைகளை அலமாரியில் வைத்தாள். "திங்கக்கெழமை கொண்டு விட்டுட்டா எனக்கு ஒரு வழி பொறக்கும்" என்றும் சொன்னாள்.

சுவருக்குக் கூடக் காது உண்டு என்கிறோம். நாற்காலியில் இருப்பவருக்கு இல்லாமல் போகுமா? கண்ணை மூடிக்கொண்டது அதற்கு அடுத்த நாளிலிருந்துதான். எண்ணிப் பார்த்தாள். கணக்கு சரியாக இருந்தது.

திருகாணி அதற்குள் நூற்றைம்பதை நூறாக்கிவிட்டு, கீபோர்டை மட்டும் தனியாகப் பெரிதாக்கிக்கொண்டிருந்தாள். "கம்ப்யூட்டரை விட்டு வெளியேறித் திரும்ப உள்ள வந்தாதான் இது முழுசா ஏறும். அப்புறம் அண்ணா கண்ணுக்குப் பட்டையைத் திரும்பப் பழக்கணும். எப்படியும் அரை மணி நேரம் ஆகும். டாக்டர் சீக்கிரம் வந்துட்டா பேச்சுக் குடுத்து வைங்க."

வாய் முகூர்த்தம். இரண்டேகாலுக்கே அழைப்பு மணி அடித்தது.

வாசலில் நடுத்தர வயது டாக்டரம்மா, கையில் கோப்பு. "முன்னாடி ஒரு வீடு சீக்கிரம் முடிஞ்சிடுச்சு. இப்பவே பார்த்துடலாமா? ஒரு பத்து நிமிஷ வேலைதான்."

கண்ணாடிக்கடைக்காரி கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். வாங்க என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். உள்ளே கம்ப்யூட்டர் பாதி வழியில் நிற்கிறது. மூன்று கேள்வி, மூன்று மௌனம், ஒரு கையெழுத்து. அவர் கேட்டது அவரோடேயே போய்விடும். திங்கட்கிழமைக்குப் பிறகு அவள் தூங்குவாள்.

அவள் அப்படி நினைத்தாள் என்பதை மறைத்து என்ன பயன்? நினைத்தாள். தொண்டை வரை வந்த வார்த்தையை விழுங்கினாள்.

"ஒரு அரை மணி நேரம் கொடுங்க டாக்டர். அவரைத் தயார் பண்ணணும். உக்காருங்க, டீ போடறேன்."

அந்த டீயை அவ்வளவு நிதானமாக அவள் வாழ்நாளில் போட்டதில்லை. டாக்டர் குடித்து முடித்ததும், "இன்னும் கொஞ்சம்?" என்று கேட்டாள். வேண்டாம் என்று சொல்வதற்குள் ஊற்றிவிட்டாள்.

அறைக்குத் திரும்பியபோது அவர் நாற்காலியில் இருந்தார். திருகாணி தனி ஆளாகத் தூக்கி உட்கார வைத்திருக்கிறாள். முகமெல்லாம் வியர்வை, கூடவே கண்ணீர். "தொறக்க மாட்டேங்கறார் அண்ணி. எல்லாம் சரி பண்ணிட்டேன், புள்ளியைப் பாருன்னு கெஞ்சறேன். கல்லு மாதிரி இருக்கார்."

கண்ணாடிக்கடைக்காரி அவர் முன்னால் முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். கடையில் அப்படித்தான் உட்காருவாள்.

"என்னங்க. தப்பு பண்ணினது நான். பெரிசாக்கினா நல்லாத் தெரியும்னு நெனச்சேன். நீங்க எழுத முடியாமத் தவிச்சிருக்கீங்க. இது சரியில்லைன்னு சொல்லக்கூட உங்களுக்கு வழி இல்லாமப் பண்ணிட்டேன்." திரையைக் காட்டினாள். "இப்ப பாருங்க. முன்னாடி இருந்தது தெளிவா, இப்ப இருக்கறது தெளிவா?"

பிறகு இமை அசைந்தது. கண் திறந்தது. அவர் அவளைப் பார்க்கவில்லை. திரையைப் பார்த்தார்.

ஒன்பது புள்ளிகளையும் ஒன்றன்பின் ஒன்றாகப் பார்த்து முடித்தார். திருகாணி கீபோர்டை விரித்தாள். மஞ்சள் கட்டம் வலதுகோடி வரை வழுக்கிக்கொண்டு போய் நின்றது. அங்கேயே கொஞ்ச நேரம் இருந்தது. அழிக்கிற பட்டன். திரையில் எஞ்சியிருந்த ஆ ஈ ஊக்களை ஒவ்வொன்றாக அவரே அழித்தார். திருகாணி வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள்.

டாக்டரம்மா உள்ளே வந்து, நாற்காலியை அவர் பக்கம் திருப்பிப் போட்டுக்கொண்டார். அவசரப்படாதவர், நல்ல மாதிரி.

"சார், இந்த வீட்டுக்கு பிளான் போட்டது யாரு?"

கட்டம் நகர்ந்தது. எழுத்து எழுத்தாக வந்தது. நான். மாடிப்படி ஒன்று குறைவு.

டாக்டர் சிரித்துவிட்டார். குறித்துக்கொண்டார். "உங்களுக்கு என்ன நோய், இனிமே என்ன ஆகும்னு தெரியுமா?"

தெரியும். அடுத்தது மூச்சு.

சிரிப்பு நின்றது. பேனா ஒரு கணம் தயங்கி, பிறகு எழுதியது.

"கடைசிக் கேள்வி. நீங்க எங்க இருக்க ஆசைப்படறீங்க?"

இது எழுத அவருக்கு ஏழு நிமிடம் பிடித்தது. வீடு என்று வரும் என்றுதான் மூவரும் காத்திருந்தார்கள். கண்ணாடிக்கடைக்காரி அதற்கு மனத்தைத் தயார்கூடப் பண்ணிவிட்டாள். இடுப்பு போனால் போகட்டும், வேலையை விட்டுவிடலாம், அக்காவைத் துணைக்கு வரச் சொல்லலாம் என்று அந்த ஏழு நிமிடத்தில் ஒரு குடும்பமே நடத்திப் பார்த்தாள்.

இல்லத்துக்குப் போகிறேன். திங்கட்கிழமை.

"அண்ணா!" என்று கத்தினாள் திருகாணி. "பைத்தியமா உனக்கு? இப்பத்தான் எல்லாம் சரியாச்சே! திங்கக்கெழமைன்னு யார் சொன்னா உங்கிட்ட?"

யாரும் சொல்லவில்லை. பத்தொன்பது நாளில் அவரிடம் அதைச் சொல்ல வேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை.

காதில் விழுந்தது என்று எழுதினார்.

திருகாணி மெல்லத் திரும்பி அண்ணியைப் பார்த்தாள். அந்தப் பார்வையைக் கண்ணாடிக்கடைக்காரி தடுக்கவில்லை, தலையையும் குனியவில்லை. அடி விழட்டும் என்று நின்றாள். ஆசைப்பட்டது அப்படியே கிடைத்துவிட்டது, அவர் வாயாலேயே. அதைப் போல ஒரு தண்டனையை அவளுக்கு யாரும் விதித்திருக்க முடியாது.

"இது உங்க சொந்த விருப்பம்தானே? யாரும் கட்டாயப்படுத்தலையே?" என்று கேட்டார் டாக்டர்.

அவர் கண்ணை மேலே தூக்கினார். ஆமாம்.

டாக்டர் கோப்பை எடுத்துக்கொண்டு ஹாலுக்குப் போனார், எழுதி முடிக்க. திருகாணி பையை வாரிக்கொண்டு பின்னாலேயே போனாள். வாசல் கதவு அறையும் சத்தம் கேட்டது. போய்விட்டாளா, படியில் உட்கார்ந்து அழுகிறாளா, யார் கண்டது.

அறையில் இரண்டு பேர். கண்ணாடிக்கடைக்காரி அவர் காலருகே தரையில் உட்கார்ந்தாள்.

"அன்னிக்கு நான் பேசினது…" என்று ஆரம்பித்தாள். முடிக்கத் தெரியவில்லை. பொய் என்று சொன்னால் அதுவே பொய். உண்மை என்று சொன்னால் அதுவும் முழு உண்மை இல்லை. "என்னங்க, ரெண்டு வருஷமா நான் தூங்கலைங்க."

கட்டம் நகர ஆரம்பித்தது. அவள் திரையைப் பார்க்கப் பயந்து அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். கண் மட்டும் இப்படியும் அப்படியும் போய் வந்தது. நின்றது. அதற்குப் பிறகுதான் திரும்பிப் பார்த்தாள்.

தெரியும். கோபம் இல்லை.

அதன் கீழே இன்னொரு வரி வந்துகொண்டிருந்தது.

இத்தனை நாள் எல்லோரும் என்னைப் பற்றிப் பேசினீர்கள். திங்கட்கிழமை வரை என்னிடம் பேசு.

"அம்மா" என்று ஹாலிலிருந்து டாக்டர் கூப்பிட்டார். "சாட்சிக்கு உங்க கையெழுத்தும் வேணும். ஒரு நிமிஷம் வர்றீங்களா?"

அவள் எழுந்திருக்கவில்லை. இன்றைக்குக் கடையில் லீவு சொன்னதிலிருந்து ஆரம்பித்தாள்.